சூறாவளிக்கு வந்த விக்கல்

சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. ஜெயித்தால் கோப்பை பொடிசுக்கு. ஆட்டம் சமனில் முடிந்தாலே போதும், கோப்பை சூறாவளிக்கு.

வகுப்பிலேயே குள்ளம் என்பதால் அவள் பொடிசு. எதிரே இருந்த பையன் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து தாக்குவான், அதனால் சூறாவளி.

வெள்ளைக் காய்கள் அவனுக்கு. ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். பொடிசு தன் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினாள். பிரெஞ்சுத் தற்காப்பு. முதலில் சிப்பாய்களால் சுவர் கட்டுவது, அடியைத் தாங்குவது, பிறகு திருப்பிக் கொடுப்பது.

காலையில்கூட அக்கா கேட்டிருந்தாள்: "ஜெயிக்கணும்னா அடிச்சு ஆடணும். நீ என்னடி பதுங்கிக்கிட்டே இருக்கே?"

"பதுங்கலக்கா, காத்திருக்கேன்."

சூறாவளியின் ராணியும் குதிரையும் சீறி வந்தன. சுவர் ஆடியது, விழவில்லை. அவன் நெற்றியைச் சுருக்கி நீண்ட நேரம் யோசித்தான்.

"விக்!"

நிசப்தமான கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின.

"உஷ்!" என்றது பக்கத்து மேசை.

அவன் வாயைப் பொத்தினான். தோள் குலுங்கியது. காயை எடுக்கக் கை நீட்டினான். "விக்!" சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அவன் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடியது.

பொடிசு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அவன் நேரம் தீர்ந்துவிடும், கோப்பை அவளுக்கு.

அவள் பலகையைப் பார்த்தாள். பாடுபட்டுக் கட்டிய சுவர். அது தாங்குமா என்று தெரியாமலே போய்விடுமே! நிமிர்ந்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

கையைத் தூக்கினாள். நடுவர் வந்தார்.

"சார், கடிகாரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்க. தண்ணி வேணும்."

"உனக்காம்மா?"

"இல்ல சார், இவனுக்கு."

"அதை அவன்தானே கேட்கணும்?"

"அவன் வாயைத் திறந்தா விக்கல்தான் சார் வருது."

நடுவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கடிகாரத்தை நிறுத்தினார்.

ஒரு குவளைத் தண்ணீரில் விக்கல் அடங்கியது. ஆட்டம் மறுபடி சூடுபிடித்தது. அவன் முட்டினான்; அவள் தடுத்தாள். அவள் பாய்ந்தாள், அவன் தப்பினான். முடிவில் பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டுமே மிஞ்சினார்கள். சமன்.

வெளியே படிக்கட்டில் அக்கா மெதுவாகக் கேட்டாள்: "நீ பாட்டுக்குப் பேசாம இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம்" என்றாள் பொடிசு.

அப்போது சூறாவளி வந்தான். ஒரு கையில் கோப்பை, மறு கையில் பலகை.

"அந்தச் சுவரை எங்க உடைச்சிருக்கணும்னு எனக்கு இன்னும் புரியல. காட்டுறியா?"

பொடிசு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோப்பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பலகையை விரித்தாள்.

"உட்காரு. இந்தத் தடவை நீ கட்டு, நான் உடைக்கிறேன்."