ரயான் சொன்ன வழி

சாமியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஞாயிறு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரயானும் அதை நம்பிக் கேட்டுவிட்டான். என்ன கேட்டான் என்பதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

"மாதாவே, மம்மி பரீட்சையில ஃபெயில் ஆகணும்."

இதற்காக ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினான்.

ரயானின் மம்மி சிந்தியா ஒரு நர்ஸ். ஒன்றரை வருடமாக ஜெர்மனியில், கொலோன் என்ற ஊரில் இருக்கிறார். அந்த நாட்டு மொழியில் பேசிக் காட்டும் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிலைக்கும். இரண்டு முறை தவறிவிட்டது. இது மூன்றாவது முறை, கடைசி முறையும்கூட. இதிலும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு லிங்கராஜபுரத்து வீட்டுக்கே வந்துவிட வேண்டியதுதான்.

வரட்டுமே. பதினோரு வயது ரயானுக்கு அப்படித்தான் தோன்றியது. மம்மி இல்லாத வீடு அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. டாடி வைக்கும் குழம்பு அதைவிடப் பிடிக்கவில்லை.

பரீட்சை நடப்பது பான் என்ற வேறொரு ஊரில். முப்பது கிலோமீட்டர் தூரம். முந்தின நாள்தான், ரயிலும் பஸ்ஸும் நாளைக்கு ஓடாது, வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். மம்மி, கூட வேலை செய்பவரிடம் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ரயானுக்கு போன் செய்தார்.

"டேய், மேப் பாக்குறதுல நீதான் கில்லி ஆச்சே. நான் தனியாப் போறேன். குழப்பாம வழி சொல்லு."

ரயான் நோட்டில் படம் போட்டுப் பார்த்தான். இரண்டு ஊரும் ரைன் என்ற ஒரே ஆற்றின் கரையில் இருந்தன. ஆறு பானிலிருந்து கொலோனுக்கு ஓடியது. அதற்கு ஒரு அம்புக்குறியும் போட்டுக்கொண்டான்.

"சிம்பிள் மம்மி. ஆத்தங்கரையிலயே போ. ஆறு எப்பவும் உன் லெஃப்ட்ல இருக்கணும். அவ்ளோதான்."

வேண்டுதல் ஒரு பக்கம், வழி சொல்வது ஒரு பக்கம். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா?

மறுநாள் அவன் பள்ளியிலிருந்து வந்தபோது நல்ல மழை. கரண்ட் இல்லை. டாடி க்ளென் வேலையிலிருந்து வர ஏழு மணி ஆகும். இருட்டில் பன்னைத் தின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. இங்கே மணி நாலே முக்கால். அங்கே பகல் பன்னிரண்டே கால்.

"ரயான், போன்ல மூணு பர்சன்ட்தான் இருக்கு. குளிர்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது. மேப் தொறந்தா ஆஃப் ஆயிடுது." மம்மிக்கு மூச்சு வாங்கியது. "நீ சொன்ன மாதிரி ஆறு லெஃப்ட்லதான் இருக்கு. ஆனா ஒரு மணி நேரமா ஓட்டறேன், ஊரே வரல. ஒரே பனி. கேக்க ஒரு ஆளும் இல்ல."

"முதல்ல போன அதே பாதைதானா மம்மி?"

"அது நடுவுல வெட்டிப் போட்டிருந்தாங்கடா. படகுல சைக்கிளை ஏத்திக்கினு அந்தாண்ட கரைக்கு வந்துட்டேன்."

ரயான் நோட்டில் போட்ட படத்தை மனதில் திருப்பிப் பார்த்தான். எதிர்க்கரைக்குப் போய்விட்டால் எல்லாம் தலைகீழ் ஆயிற்றே. அங்கே ஆற்றை இடது பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டினால் வந்த வழியே அல்லவா போக வேண்டும்?

"மம்மி, ஆத்துல எதனா மிதக்குதா பாரு."

"இரு. ஒரு கட்டை போவுது. நான் போற பக்கமாத்தான் போவுது."

சந்தேகமே இல்லை. மம்மி கொலோனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

பரீட்சை மூன்று மணிக்கு. ரயான் வழியைத் திருத்த வேண்டாம். "அப்படியே போ மம்மி" என்றால் போதும், மம்மி வீட்டுக்கு வந்துவிடுவார். மாதா இவ்வளவு சீக்கிரம் காது கொடுப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? பேசுடா. மூணு ரெண்டாயிடுச்சு."

மம்மி மூக்கை உறிஞ்சினார். பல் தந்தியடிப்பது இங்கே வரை கேட்டது. ஃபெயில் ஆவது என்றால், மம்மி பெட்டியோடு வாசலில் வந்து நிற்பது என்றுதான் ரயான் நினைத்திருந்தான். யாருமில்லாத பனியில் அழுதுகொண்டு நிற்பதும் அதில் சேர்த்தி என்று நினைக்கவில்லை.

"மம்மி, திரும்பு," என்றான். "நீ கொலோனுக்கே போயினு இருக்க. சைக்கிளைத் திருப்பு. இனிமே ஆறு ரைட்ல இருக்கணும். தண்ணி உனக்கு எதிர்ல வரணும். பான்ல பெரிய பாலம் வரும், அதுல ஏறிக்க. இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு, போயிடலாம்."

"ரைட்ல. தண்ணி எதிர்ல. சரி கண்ணா, நான்..."

போன் செத்துவிட்டது.

ஏழு மணிக்கு டாடி சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவரும் போனையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று.

"நீ கரெக்டாத்தான சொன்ன? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் டாடி.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ரயான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எட்டே முக்காலுக்கு போன் வந்தது. திரையில் மம்மி. முகமெல்லாம் சேறு தெறித்துக் காய்ந்திருந்தது.

"பரீட்சைக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். பாஸ்," என்றார்.

டாடி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

"கிறிஸ்துமஸுக்கு வருவியா மம்மி?"

"இந்த வருஷம் லீவு கிடைக்காதுடா."

ரயான் தலையாட்டினான். அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை.

"மம்மி, நீ ஃபெயில் ஆகணும்னு நான் வேண்டிக்கினேன்."

ரயான் திரையைப் பார்க்கவே இல்லை.

"நானும்தான்," என்றார் மம்மி. "அந்தப் பனியில நின்னு, போதும் சாமி, என்னை வீட்டுக்கு அனுப்பிடுன்னு கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, உனக்கு போன் போட்டேன். நீ திரும்புன்னுட்ட."

ரயானுக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே அழுகையும் வந்தது. அந்தப் பக்கம் மம்மியும் அழுதார். இருவரும் அழுது முடிக்கும்வரை யாரும் போனை வைக்கவில்லை.