341

ஒடேரா செத்துக் கிடந்தான்.

சர்வர் அறைத் தரையில், கழுத்தில் கேபிள் இறுகியிருந்தது. பக்கத்தில் பாதி கடித்த மண்டாசிப் பணியாரம்.

மும்புவாவுக்கு அழக்கூட வரவில்லை. அடுத்த மாதம் அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன்.

அதற்குள் நைரோபி போலீஸ் அவள் பக்கம் திரும்பிவிட்டது.

"கடைசியா இந்தக் கதவைத் திறந்தது உன் கார்டு," என்றாள் இன்ஸ்பெக்டர் நெகேசா.

"அது போலியா இருக்கலாம், மேடம்."

"வாய்ப்பே இல்ல," என்றார் மும்புவாவுக்கும் ஒடேராவுக்கும் முதலாளியான கிப்ரோனோ.

ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிப் பூட்டியிருக்கிறது, அதை யாராலும் பிரிக்க முடியாது என்று விளக்கினார். பகா எண்தானா என்று சோதிக்கும் புரோகிராம் ஒடேரா எழுதியது. மின்னல் வேகம், ஓட்டையே கிடையாது.

"ஓட்டை இருக்கு," என்றாள் மும்புவா. "ஒரே ஒரு சின்ன எண்ணை வெச்சுத்தான் அது சோதிக்குது. பகா எண் இல்லாததையும் பகா எண்ணுன்னு விட்டுடுது. அப்புறம் கார்டை ஈஸியா உடைச்சிடலாம். நம்ம கார்டை வாங்குற பேங்க்குக்குச் சொல்லிடப் போறேன்னு ஒடேரா நேத்துதான் சொன்னான்."

கிப்ரோனோ உதட்டைப் பிதுக்கினார். தன்னிடம் அவன் மூச்சே விடவில்லையாம். அந்த புரோகிராமைத் திறந்துகூடப் பார்த்ததில்லையாம்.

நெகேசா விலங்கை எடுத்தாள்.

ஆனால் முதலாளியை மும்புவாவுக்குத் தெரியும். துக்க வீட்டில்கூட அடுத்தவர் கணக்கைத் திருத்துகிற ஆள்.

போர்டில் பெரிதாக எழுதினாள்.

"இந்தச் சோதனையை ஏமாத்துற முதல் நம்பர், 561."

"561 இல்ல, 341," என்றார் கிப்ரோனோ சட்டென்று. "பதினொண்ணு பெருக்கல் முப்பத்தொண்ணு. இதுகூடத் தெரியாம..."

மும்புவா அவரை நோக்கித் திரும்பினாள்.

"எந்த எண்ணை வெச்சுச் சோதிக்கிறோம்னு நான் சொல்லவே இல்லயே, சார். மூணை வெச்சா முதல்ல ஏமாத்துறது 91. ரெண்டை மட்டும் வெச்சாத்தான் 341. திறந்தே பார்க்காத புரோகிராம்ல ரெண்டு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிப்ரோனோ கதவுப் பக்கம் நகர்ந்தான். நெகேசா குறுக்கே வந்து நின்றாள்.

"பேங்க் போயிட்டா கம்பெனியே போயிடும்னு, என் கார்டைப் போலியா செஞ்சு உள்ள வந்து கொன்னுட்டீங்க," என்றாள் மும்புவா. இப்போதுதான் அழுகை உடைந்து வந்தது.

க்ளிக்!

மணிக்கட்டில் விழுந்த விலங்கையே கிப்ரோனோ வெறித்தான்.

நெகேசா சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ரொம்ப யோசிக்காதீங்க, சார். இது வெறும் இரும்புப் பூட்டு. கணக்குப் போட்டுத் திறக்க முடியாது."