விழாத பாதை

"நிலவைச் சுற்றி... பல வருடங்களுக்கு... எரிபொருள் செலவே இல்லாமல்..."

விண்வெளி ஆய்வு அலுவலகத்தின் வண்டிக் கொட்டகையின் கீழ் மழை விடக் காத்திருந்தவள், மறுநாள் கூட்டத்தில் பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்துடும்ங்க."

திரும்பினாள். மழைத்துளி படிந்த மூக்குக்கண்ணாடி... அதன் பின்னால் சிரிக்கும் கண்கள்.

"எது விழும்?"

"உங்க விண்கலம். நிலா வழவழன்னு உருட்டின பந்து இல்லையே. உள்ளே அங்கங்க கனம் அதிகம். தாழப் பறந்தா கொஞ்சம் கொஞ்சமா இழுத்துடும்."

"ஒரு மாசத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு. அசையவே இல்ல!"

"முதல் மாசம் எல்லாரும் நல்லவங்கதான்ங்க..."

என்ன வாய்! மழையிலேயே இறங்கி நடந்தாள். அந்தக் கணக்குமுறை அவள் அப்பா வகுத்தது. அந்த அலுவலகத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

மறுநாள்தான் தெரிந்தது, நிலவின் ஈர்ப்பு வரைபடத்தோடு வெளியூரிலிருந்து வந்த நிபுணர் அவன்தான் என்று. வீம்போடு அவன் வரைபடத்தை வைத்துப் பல வருடங்களுக்குக் கணக்கை ஓட்டினாள். விண்கலம் மெல்ல மெல்லத் தாழ்ந்து... நிலவில் மோதியது.

பிறகு இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, பாதையின் சாய்வை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"இந்தச் சாய்வுல கொஞ்சம் ஆடும்ங்க. ஆனா தானா பழைய இடத்துக்கே வந்துடும்," என்றான்.

அவள் திரையைப் பார்த்தாள். அவனோ, திரையில் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்தான்...

அப்பாவிடம் ஒளிக்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. திருத்திய பாதையையும், அவனைப் பிடித்திருப்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"என் கணக்கைத் தப்புன்னவனா?" அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒரு மாசமா, அப்பா..."

"ஒரு மாசத்தை நம்பாதேன்னு அவனே சொல்லியிருக்கானே! ஒரு வருஷம் போகட்டும். பேச்சு கூடாது, செய்தி கூடாது. அப்பவும் மனசு மாறலைன்னா வாசல் வழியா வரச் சொல்லு."

அப்பாவின் நிபந்தனையை அவள் சொல்லக் கேட்டு அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. தலையசைத்துவிட்டு ஊருக்குப் போனான்.

கைப்பேசியில் அவன் எண் இருந்தது. அவள் தொடவில்லை. கொடுத்த வாக்கு அல்லவா... நிலவைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வருடம் முடிந்த அன்றும் மழை. அதே கொட்டகை.

"விழலைங்க..."

திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பினாள். அதே கண்ணாடி... அதே துளிகள்.

"நடுவுல ரொம்ப ஆடிட்டேன்," என்றான் மெதுவாக. "எத்தனையோ தடவை ஃபோனைக் கையில எடுத்தேன். ஒரு வார்த்தை இல்லாமத்தான் ஓடுச்சு வருஷம்... ஆனாலும் உங்ககிட்டயேதான் வந்து நிக்கிறேன். நீங்க?"

"நான் ஆடவே இல்ல," என்றாள். "பொய்... தினமும் ஆடினேன். உங்களைத்தான் நினைச்சிட்டிருந்தேன்."

அவன் ஓரடி முன்னே வந்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"மிச்சத்தை வீட்ல வந்து சொல்லுங்க. காலையிலேருந்து அப்பா வாசல்கதவைத் திறந்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கார். சாரல் உள்ளே அடிக்குதுன்னாலும் மூட விடமாட்டேங்கிறார்..."