சாமி சொன்ன மாப்பிள்ளை

பதுளை பஸ் ஸ்டாண்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. லுணுகலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிய தனுஜாவின் குடை, எதிரே வந்தவன் கையிலிருந்த பெரிய உறையைத் தட்டிவிட்டது. உள்ளேயிருந்த கறுப்புப் படம் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

நியாயமாக அவன் கேட்க வேண்டியது. கேட்டவள் தனுஜா! அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்... துஷாந்த். ஆள் இளைத்திருந்தான். அந்தக் கண்கள் மட்டும் மாறவேயில்லை.

படத்தை எடுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"என்னங்க இது?"

"என்னோட மூளை. ஸ்கேன் படம். கிளினிக்குக்குக் கொண்டாரச் சொன்னாங்க."

"பரவாயில்லையே... இருக்கே!"

அவன் சிரித்தான். அவள் படத்தை உறைக்குள் வைத்துக் கொடுத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன், தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இவன் ஆடிய ஆட்டம்! தூங்காமல், சாப்பிடாமல், நாள்கணக்கில் ஆடினான். அருள் வந்துவிட்டது என்று தோட்டமே காலில் விழுந்து குறி கேட்டது. தனுஜாவின் அம்மாவும் மகளுக்கு மாப்பிள்ளை எங்கே என்று கேட்டாள். "நான்தான்!" என்றான். சாமி வாக்கைத் தட்டலாமா? மறுநாளே அவன் லயத்து வீட்டுக்குத் தேங்காய் பழத்தோடு சம்பந்தத் தட்டு போனது. தனுஜா யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாமி இல்லையாம்... பைபோலாராம். ஒரு சமயம் மனசு தலைகால் தெரியாமல் பறக்குமாம், ஒரு சமயம் எழுந்திருக்கவே விடாதாம். தனுஜாவின் அப்பா தட்டைத் திருப்பி வாங்கிவிட்டார். அப்பாவோடு சண்டை போட தனுஜா தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அவனே சொல்லியனுப்பினான்: 'அன்னைக்குப் பேசினது வியாதி. எனக்கு அப்படி ஒரு நெனப்பும் இல்ல.' அதற்கப்புறம் யாருக்காகச் சண்டை போடுவது?

"இப்ப எப்படி இருக்கீங்க?"

"மருந்து எடுக்கிறேன். டயர் கடையில வேலை. பாதியில எங்க விட்டேன்னு மறந்துருது... மெதுவாத்தான் செய்யிறேன். மூளையில சில இடம் லேசா மெலிஞ்சிருக்குன்னு அப்ப சொன்னாங்க. பயந்துட்டேங்க. என்னைக் கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு ஏன் சீரழியணும்னு... படத்த வச்சு வாழ்க்கைய முடிவு பண்ணாதப்பான்னு டொக்டர் சொன்னது இப்பதான் புரியுது."

"அப்போ... அன்னைக்கு என்னையச் சொன்னது?"

அவன் மழையைப் பார்த்தான்.

"சாமியும் சொல்லல, வியாதியும் சொல்லல. கொழுந்து பறிக்கிற மலைக்கு உங்கம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு வருவீங்களே... அப்ப இருந்தே மனசுல இருந்துச்சு. வியாதி வாயைத் தொறந்து விட்டுச்சு, அவ்வளவுதான். பொறவு இல்லன்னு சொன்னேனே... அதுதான் பொய்."

என்ன மனுஷன் இவன்! காதலை நோயின் தலையில் கட்டிவிட்டு, பெரிய தியாகி மாதிரி சும்மா இருந்திருக்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"போன மாசம் எனக்குக் கல்யாண எழுத்து முடிஞ்சிருச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. மாப்பிள்ளை பூனாகலைக்காரர். நல்லவருங்க."

"சந்தோஷம்..." என்றான்.

பஸ் ஹோர்ன் அடித்தது. ஏறியவள், என்ன நினைத்தாளோ, மறுபடி இறங்கி வந்தாள்.

"எனக்கும் உங்களப் புடிச்சிருந்துச்சுங்க. சாமி சொல்லாட்டியும் கட்டியிருப்பேன். வியாதின்னு தெரிஞ்ச பொறவும் கட்டியிருப்பேன்... நீங்க என்கிட்ட மட்டும் ஒரு வார்த்த கேக்கவேயில்லையே!"