கல்முனை காட்டிய திசை

"பள்ளத்து நடுவுக்குப் போனவங்க திரும்புனதில்ல. உன் அண்ணனும் அப்படித்தான்" என்றார் வெள்ளையப்பன்.

பாலைவனத்தின் நடுவே, முன்னொரு யுகத்தில் விண்கல் மோதி உண்டான பெரும்பள்ளம் அது. அகலம் ஏழு மைல். அதன் விளிம்பில், அச்சு முறிந்த வண்டியின் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். அபூர்வக் கற்களைப் பெயர்த்து விற்பவர். அதற்குக் குறுக்கே நின்ற பாறை ஆய்வாளன் சேந்தனைப் பலமுறை மிரட்டியவர்.

சேந்தனைத் தேடி ஜீப்பில் வந்திருந்த அவன் தங்கை பொற்கொடி பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். நேற்றுக் காலை ஒயர்லெஸ்ஸில் அண்ணனின் குரல் வந்திருந்தது. "பள்ளத்தோட நட்டநடுவுல இருக்கேன். கால் பாறையில மாட்டிக்கிச்சு. தண்ணி ஒரு நாளைக்குத்தான் வரும்." அந்த ஒரு நாள் முடிந்துவிட்டது.

ஜீப் ஓட்டி வந்த இஸ்மாயில் கீழே இறங்கி வெள்ளையப்பனிடம் போனார். "ஏறுங்க. இங்க இருந்தா செத்துப் போவீங்க."

"இவரையா? தண்ணி அண்ணனுக்கே பத்தாது பாய்."

"விட்டுட்டுப் போனா நமக்குத் தூக்கம் வராதும்மா."

நண்பகல் தொழுகை நேரம். ஒளு செய்ய, அதாவது தொழுமுன் முகம் கைகால் கழுவ, வைத்திருந்த செம்புத் தண்ணீரை வெள்ளையப்பனிடம் நீட்டிவிட்டு, இஸ்மாயில் தூய மண்ணில் உள்ளங்கைகளைத் தட்டி முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டார். நீர் அரிதான இடத்தில் மார்க்கம் அனுமதிக்கும் முறை அது. வெள்ளையப்பன் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார்.

"தண்ணி குடுத்ததால உங்க ஆளாயிட்டேன்னு நெனைக்காதீங்க" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

பள்ளத்துக்குள் புழுதிக்காற்று சூரியனை மறைத்தது. ஓடைத்தடங்கள் நாலாபக்கமும் பிரிந்தன. இரும்பு கலந்த பாறைகள் திசைகாட்டியின் முள்ளை அலைக்கழித்தன.

"பாறையே வழி சொல்லும்" என்றாள் பொற்கொடி. "சுத்தியால அடிச்சா கல்லு பலவீனமான இடம் பாத்து நிதானமாப் பிளக்கும். விண்கல் வந்த வேகத்துல அதுக்கு நேரமே இல்ல. எல்லா இடமும் ஒண்ணா விரிஞ்சிடும். அதிர்ச்சி போன தடம், குதிரைவால் மாதிரி கோடு கோடாக் கல்லுலயே நிக்கும். கோடெல்லாம் சேர்ற முனை, அடி விழுந்த நட்டநடு இடத்தைக் காட்டும்."

கோடுகளை விரலால் தடவித் தடவி வழி சொன்னாள். தடம் இரண்டாகப் பிரிந்த இடத்தில், ஆளுயரப் பாறை ஒன்றின் முனை வலப்பக்கம் காட்டியது. ஜீப் வலப்பக்கம் திரும்பியது.

"கல்லு படிச்சவங்க பாத்துப் போங்க" என்று பின்னாலிருந்து வெள்ளையப்பன் சிரித்தார்.

ஒரு மைல் போனார்கள். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. இஸ்மாயிலின் உதடுகள் வெடித்து ரத்தம் கசிந்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வண்டிய நிறுத்து" என்றார் திடீரென்று. "அந்தக் கல்லு பொய் சொல்லுது. போன வருஷம் விக்கிறதுக்காக நான்தான் அதை நெம்பிப் புரட்டுனேன். கனம் தாங்காம போட்டுட்டுப் போயிட்டேன்."

பொற்கொடி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். தரையில் வேரோடியிருக்கும் பாறையின் முனைதான் உண்மை சொல்லும். புரண்ட கல் எதையும் காட்டும். அவசரத்தில் அடிப்பாகத்தைப் பார்க்க மறந்துவிட்டாள்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"உன் அண்ணன் சாகட்டும்னு இருந்தேன். இப்ப முடியல. திருப்பு."

இடப்பக்கத் தடத்தில் போகப் போக, பாறைகளில் விரிசல்கள் நெருங்கின. கடைசியில் கை பட்டாலே கல் வெல்லம்போல் உதிர்ந்தது. மோதலின் மையம் நெருங்கிவிட்டது.

சேந்தன் அங்கே கிடந்தான். கண்கள் பாதி திறந்திருந்தன. வலது காலின்மேல் ஒரு பலகைப் பாறை. பொற்கொடி அவன் வாயில் துளித்துளியாக நீர் விட்டாள். இஸ்மாயில் கடப்பாரையைக் கொடுத்தார். நெம்பிய இடமெல்லாம் பாறை பொடிந்தது.

"அங்க இல்ல, இங்க குடு" என்று வெள்ளையப்பன் அதைப் பிடுங்கினார். விரிசலில்லாத ஓர் ஓரத்தைத் தட்டிப் பார்த்து, அடியில் கொடுத்துத் தன் முழு எடையோடு அழுத்தினார். பாறை நான்கு விரற்கடை உயர்ந்தது. இஸ்மாயில் சேந்தனை வெளியே இழுத்தார்.

"இவரா?" என்று முனகினான் சேந்தன்.

"பேசாம கெட" என்றார் வெள்ளையப்பன்.

மாலைக்குள், பள்ளத்துக்கு வெளியே இருந்த ஆய்வு முகாமை அடைந்தார்கள். மருத்துவர் சேந்தனின் காலுக்குக் கட்டுப் போட்டு, பிழைத்துவிடுவான் என்றார். வெள்ளையப்பன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். அவர் நல்லவராகிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மை தேவைப்பட்ட வேளையில் அதைச் சொன்னார். இறைவன் நம்மிடம் எதிர்பார்ப்பது பல நாட்களில் அவ்வளவுதான்.