இடப்பக்கத்து நாற்காலி

ரொசெண்டோ மாத்தே என்னும் இலைத்தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி, மனைவி எல்பாவிடம் தராமல், தன் இடப்பக்கம் இருந்த காலி நாற்காலியை நோக்கி நீட்டினான். சற்றுப் பொறுத்து, யாரிடமிருந்தோ வாங்குவதுபோலத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"யாருக்குய்யா நீட்டுற?"

"அவளுக்கு. உனக்கு மட்டுந்தான் வாய் இருக்கா?"

எல்பா குடுவையைப் பிடுங்கிப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. உறிஞ்சுகுழலின் முனையில் யாரோ இப்போதுதான் வாய் வைத்து எடுத்த ஈரம். அவளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் முதல் மடக்கு இன்னொருத்திக்கா?

மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் படத்தில் அவன் இடக்கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் சிறு எலுமிச்சம்பழமாக ஊதியிருந்தது. அது நரம்பை அழுத்தித்தான் அந்தக் கண் இருண்டது, அந்த இருட்டில்தான் இல்லாதவர்கள் எல்லாம் தெரிகிறார்கள் என்றார் மருத்துவர் சில்வெய்ரா.

"வெடிச்சா உயிருக்கே ஆபத்தும்மா. தொடை வழியா ஒரு வலைக்குழாயைக் கொண்டுபோய் வச்சு, ரத்தத்தை நேரா ஓட விட்டுடுவோம். அந்தப் பை பட்டினியில தானா சுருங்கிடும்."

பட்டினி என்றதும் எல்பாவுக்கு இனித்தது. ரொசெண்டோ மாட்டேன் என்று அழுதான். அவள் விடவில்லை. அவன் பிழைக்க வேண்டும் என்பது பாதி. அந்த நாற்காலிக்காரி சாக வேண்டும் என்பது மீதி.

சிகிச்சை முடிந்து மாதங்கள் போயின. அவன் நெற்றிப்பொட்டில் காதை வைத்தால் கேட்டுக்கொண்டிருந்த 'உஸ்... உஸ்...' மெல்ல மெல்லத் தேய்ந்து, நின்றும் போனது. ஒரு மத்தியானம் இடப்பக்கம் நீட்டிய குடுவையை அவன் வாட்டத்தோடு இறக்கினான்.

"நன்றின்னு சொல்லிட்டா."

மாத்தே குடிக்கும்போது நன்றி சொன்னால், எனக்குப் போதும், நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம்.

"தொலைஞ்சாளா சனியன்!" எல்பா சிரித்துக்கொண்டே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

இருக்கை சூடாக இருந்தது.

உஸ்... உஸ்...

கெண்டி கொதிக்கிறதோ? அடுப்பு அணைந்திருந்தது. சத்தம் அவள் காதுக்குள். ஜன்னலின் இடது பாதி மங்கியது. பிறகு இல்லை.

ரொசெண்டோ குடுவையை அவளிடம் தந்தான். வாய்க்குக் கொண்டுபோக நினைத்தாள். கை கேட்கவில்லை. அது இடப்பக்கம் நீண்டது. இருட்டுக்குள்.

யாரோ வாங்கினார்கள்.

உறிஞ்சும் சத்தம் நிற்கவே இல்லை. ரொசெண்டோ அந்தப் பக்கத்தையே வெறித்தான். அவன் முகம் பொறாமையில் கறுத்தது.

"என்கிட்ட அவ ஒருநாளும் இவ்வளவு ஆசையாக் குடிச்சதில்லடி."