உடைக்காத மாவுக்கூடு

முந்தின நாள் மாலை இறுக்கிப் பிடித்துக் குண்டூசி குத்தி வைத்த சிவப்பு உடை, காலையில் பார்த்தால் பொம்மையின் இடுப்பில் தொளதொளவென்று தொங்கியது. உள்ளே ஒரு கையை நுழைக்கலாம் போலிருந்தது. அலெய்டா முதலில் குண்டூசிகளைச் சந்தேகித்தாள். குத்தினவை குத்தினபடியே இருந்தன. பிறகு துணியைச் சந்தேகித்தாள். பொம்மையைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை. சுவர் மாதிரி இறுகிப்போன மாவுக்கட்டு அது, எங்கே போய்விடப் போகிறது.

அது அவள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். பல்மீரா என்கிற ஊரில், கரும்புத் தோட்டத்தை ஒட்டின தெருவில், எடில்மாவின் அழகு நிலையத்தில் படுக்காத பெண் இல்லை. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு முன்னறை, நடுவில் ஒரு திரை, திரைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில், அந்தப் பக்கம் ஒரு கட்டில். ஆனால் வெயில் தாழ்ந்தால் தெருவின் இடுப்பெல்லாம் அங்கேதான் சுற்றப்பட்டுக் கிடக்கும். சிலருக்குச் சூடான எரிமலைச் சேற்றைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே கம்பளியைப் போட்டு வியர்க்க விடுவாள். கடற்பாசி பூசிக்கொண்டவர்கள் வீடு திரும்பும்போது மீன் சந்தை நடந்து போகிற மாதிரி இருக்கும். தோல் மட்டும் பட்டாக இருக்கும் என்பார்கள். கலியாணப் பெண்களுக்குச் சாக்லேட் பூச்சு. எதிர்வீட்டு நொயெமி தன் புறங்கையை நக்கிப் பார்த்ததை அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கற்பூரமும் மென்தாலும் கரைத்த தண்ணீரில் நனைத்த துணிப்பட்டைகளைக் கணுக்காலிலிருந்து மேலே சுற்றிக்கொண்டு வருவது குளிர்கட்டு; அந்த ஊர் வெயிலிலும் பல் கிட்டிப்போகும். எதிலும் அடங்காத உடம்புக்குத்தான் மாவுக்கட்டு. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற அதே மாவுப்பட்டைதான், மார்பிலிருந்து தொடை வரை. முதலில் சுடும், அப்புறம் குளிரும், காயக் காய இறுக்கும்.

எடில்மா இதில் யாரையும் ஏமாற்றியதில்லை. கட்டிலில் படுத்தவள் காதில் மெல்லச் சொல்லிவிடுவாள். "கொழுப்பெல்லாம் போகாது மகளே. தண்ணிதான் வடியும், கட்டு கொஞ்சம் அமுக்கி வைக்கும். நாலு வேளை நல்லா சூப்பு குடிச்சா போனது அத்தனையும் திரும்பி வந்துடும்."

அவளிடம் ஒரு கண்டிப்பும் உண்டு. பக்கவாட்டில் கத்தரித்து எடுத்த மாவுக்கூட்டை, யார் உடம்பிலிருந்து வந்ததோ அவளே அன்றே கொல்லைப்புறத்துக்கு எடுத்துப்போய்க் கல்லால் அடித்து நொறுக்க வேண்டும். முழுசாக இருந்தால் குப்பை வண்டிக்காரன் எடுக்க மாட்டான் என்பது எடில்மா சொல்லும் காரணம். இந்தத் தொழிலை அவளோடு சேர்ந்து தொடங்கின தங்கை ரொசால்பா, மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட உடையைத் தவிர வேறெதையும் உடுத்தாதவள், பனாமாவுக்குப் போய்விட்டாளாம். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போனாள் என்று தெரு கேட்டது. பதில் வரவில்லை என்றதும் தானே ஒரு லாரி டிரைவரைப் பிடித்து அவளுக்குத் துணையாக அனுப்பி வைத்தது.

அலெய்டாவுக்கு அவசரம். கணவன் ஃபானோர் ஆறு வருஷம் ஸ்பெயினில் ஆரஞ்சுப் பெட்டி அடுக்கிவிட்டுச் சனிக்கிழமை ஊர் திரும்புகிறான். அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'ஒல்லி' என்றுதான். புறப்படும் முன் நடந்த விருந்தில், இதே சிவப்பு உடையில் நின்றவளின் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்து, விரல் நுனியோடு விரல் நுனி தொடுவதை எல்லோருக்கும் காட்டினான். கொஞ்சம் எட்டாமல் போனால் ஓர் அழுத்து அழுத்துவான், அவள் கத்துவாள், கூட்டம் சிரிக்கும். அந்தப் படம்தான் அங்கே அவன் தலைமாட்டில் இருக்கிறதாம். இங்கே ஒல்லி தையல் மெஷினுக்கு முன்னால் ஆறு வருஷம் உட்கார்ந்து, சூடான சீஸ் பன்னாகத் தின்று, போனில் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டிக்கொண்டு வந்தாள். அவன் கோபப்படுவான் என்று அவள் பயப்படவில்லை. வாசலில் நின்று பார்ப்பான், பார்த்துவிட்டு மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அதற்குத்தான் பயந்தாள்.

திங்கட்கிழமை தன் உடம்பிலிருந்து எடில்மா கத்தரித்து எடுத்த கூட்டைப் பார்த்ததும் அலெய்டாவுக்குக் கண் நிலைகுத்திவிட்டது. அமுங்கின உடம்பின் அச்சு. உள்ளே வளைந்து இறங்கின அந்த இடுப்பு, அந்தப் படத்தில் இருக்கிற இடுப்பை ஞாபகப்படுத்தியது. தையற்காரியின் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரியவில்லை. தனக்கென்றே வார்த்த பொம்மை. உடையை அதன் மேல் போட்டுப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். திரைக்கு அந்தப் பக்கம் குளிர்கட்டில் கிடந்தவள் நடுங்கிக் கூப்பிட்டாள். எடில்மா ஒரு கால் இங்கே ஒரு கால் அங்கே என்று நின்றாள்.

"வீட்டுலயே உடைச்சுக்கறேன்க்கா."

"இன்னிக்கே?"

"இன்னிக்கேதான்."

கோணியில் கட்டி எடுத்து வந்தாள். இரண்டு பாதியையும் அகலமான பிசின் நாடாவால் ஒட்டி, ஓடாத மின்விசிறியின் தண்டில் நிறுத்தி, வருஷா வருஷம் தையல் பிரித்து அகலமாக்கிக்கொண்டே வந்த சிவப்பு உடையை மாட்டி, அங்கங்கே குண்டூசி குத்தினாள். அன்று குளிக்கும்போது இடுப்பைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கொசுவைத் திட்டினாள்.

மறுநாள் காலையில்தான் உடை தளர்ந்து தொங்கியது. அவளுடைய பாவாடையும் தளர்ந்திருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரொட்டி வாங்குகிற சாக்கில் தெருவை இரண்டு முறை சுற்றி வந்தாள். நொயெமி ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே விட்டு, புருஷன் வர்றான்னா எலும்புகூட ஒதுங்கி வழி விடுது பார் என்றாள். பொறாமையில் சொன்னதுதான். அலெய்டா அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு வந்து உடையை மறுபடி பிடித்துக் குத்தினாள்.

புதன்கிழமை மறுபடி தளர்ந்தது.

அன்றைக்குக் கரும்புக்காட்டுக்குத் தீ வைத்திருந்தார்கள். சுருள் சுருளாகக் கரி மிதந்து வந்து ஓட்டிலும் கொடித் துணியிலும் இறங்க, எல்லா வீட்டையும் போல அவளும் ஜன்னல்களை இறுகச் சாத்தினாள். எரிந்த சர்க்கரை வாசனையும் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. மெஷினை நிறுத்தியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காய்கிற மாவு நொறுங்குகிற மாதிரி, நகத்தால் கட்டிலைச் சுரண்டுகிற மாதிரி, விட்டு விட்டு, உடைக்குள்ளிருந்து வந்தது. காய்ந்து நாளாகிவிட்டதே என்று நினைத்தாள். ஒவ்வொரு நொறுங்கலுக்கும் தன் விலாவில் ஏதோ ஒன்று உள்நோக்கி நகர்வதை உணர்ந்து, தையல் ஊசியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

இன்ச் டேப்பை எடுத்துப் பொம்மையின் இடுப்பைச் சுற்றினாள். தன் இடுப்பைச் சுற்றினாள். ஒரே அளவு.

சூப்பு குடித்தால் திரும்பி வரும் என்று எடில்மா சொன்னது ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை பெரிய பானை நிறைய மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் கோழியும் போட்டுச் சங்கோச்சோ சூப்பு வைத்து, கொத்துமல்லியைக் கிள்ளிப் போட்டு, கிண்ணம் கிண்ணமாகக் குடித்தாள். தொண்டை வரை குடித்தாள். வயிறு பலகை மாதிரி கிடந்தது. கிண்ணத்தைக் கழுவிவிட்டு முன்னறைக்கு வந்தபோது காலில் ஈரம் பட்டது. பொம்மைக்கு அடியில் மஞ்சளாக ஒரு குட்டை, வெதுவெதுப்பாக. குனிந்து முகர்ந்தாள். கொத்துமல்லி.

அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை போனில் ஃபானோர், குரலே கேட்கவில்லையே ஒல்லி, லைன் சரியில்லையா என்றான். ஆமாம் என்றாள். லைன் சரியாகத்தான் இருந்தது. அவளிடம்தான் ஒரு வார்த்தைக்குமேல் மூச்சு இல்லை. போனை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். நாடாவைப் பிரித்துப் பார்த்தாள். பாதி, பாதி என்று எதுவும் இல்லை. கத்தரித்த கோடே இல்லாமல் கூடு ஒன்றாகக் கூடியிருந்தது. இடது பக்கம் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

விழுந்தது அவள்தான்.

சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது கூட்டில் விழுந்த அதே கீறல், அதே வளைவில், இடது விலாவின் மேல் ஊதா நிறமாக ஓடியிருந்தது.

எடில்மாவின் வீடு நான்கு வாசல் தள்ளித்தான். போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. எடில்மா அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். கையிலிருந்த சேற்றைத் துணியில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"உடைக்கலையா?"

அலெய்டா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அதுக்கு எதையாச்சும் உடுத்தினியா?"

"என்... சிவப்பு உடை."

எடில்மா திரைப் பக்கம் திரும்பினாள். திரை காற்றில் விலகியது. உள்ளே மாதா படத்துக்குப் பக்கத்தில், மெழுகுவர்த்திக்கு முன்னால், தண்ணீர் பாட்டில் உயரத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. மார்பும் இடுப்பும் இருந்தன. இடுப்பு விரல் தடிமன். அதற்கு மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி சுற்றியிருந்தது.

"அப்படின்னா இனிமே உடைக்காத மகளே," என்றாள் எடில்மா. "பத்திரமா வச்சுக்கச் சொல்லு. யார் கையும் படக்கூடாது."

யாரிடம் சொல்வது என்று கேட்க அலெய்டாவுக்கு மூச்சு போதவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. முழங்கால் மடங்கவில்லை. தோல் வெளுத்து, தொட்டால் தூள் உதிர்ந்தது. உள்ளறைக் கட்டிலிலிருந்து திறந்த கதவு வழியாக முன்னறை தெரிந்தது. மூடின ஜன்னல். மெஷின். அதற்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு சிவப்பு உடை. நேற்று அது இந்தப் பக்கம் பார்த்து நின்றது.

அந்தி மயங்கும் நேரத்தில் டாக்ஸி வந்து நின்றது. நொயெமி ஜன்னல் திறந்த சத்தம். ஆறு வருஷம் அவன் பத்திரமாக வைத்திருந்த சாவி பூட்டில் திரும்பியது.

"ஒல்லி?"

கத்தினாள். உதடு மட்டும் பிரிந்தது.

பெட்டியைக் கீழே வைத்தான். தலை நரைத்திருந்தது. இருட்டுக்குக் கண் பழகும் வரை நின்றான். கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருப்பான். பிறகு உடையைப் பார்த்தான். பொம்மைதான் என்று அவனுக்குத் தெரிந்தது, தெரிந்தே சிரித்தான். யாரும் பார்க்காதபோது மனிதர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"இன்னும் வச்சிருக்காளே," என்றான் மெதுவாக.

கிட்டே போனான். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

கட்டிலில் அவள் இடுப்பில், இரண்டு பக்கமும், ஆளில்லாமல், இரண்டு சூடான உள்ளங்கைகள் வந்து அமர்ந்தன.

ஆறு வருஷமாக அவள் காத்திருந்த கைகள்.

விரல்கள் முன்னால் நகர்ந்தன. ஒன்றையொன்று தேடின. விரல் நுனிக்கும் விரல் நுனிக்கும் நடுவே கொஞ்சம் எட்டவில்லை.

அவன் சிரித்துக்கொண்டே ஓர் அழுத்து அழுத்தினான்.